நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

சென்ட் லோரன்ட், மொன்ட்ரியால்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் துஷாந்தினியும் நல்ல சுகம். உங்கள் சுகமும் அண்ணியின் சுகமும் அறிய ஆவல். அண்ணியின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? இங்கே வெளியில் மைனஸ் இருபத்தொன்று. பஸ்ஸுக்கு நின்றால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வைபர் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். கூப்பிட்டால் நீங்கள் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவீர்கள். அண்ணி வருவா, பக்கத்து வீடும் வந்து சுகம் விசாரிக்கும். இது அப்படிக் கதைக்கிற விஷயம் இல்லை.

என் நாவல் வந்துவிட்டது. போன ஞாயிறு வெளியீடு. நாற்பது கதிரை போட்டோம், அறுபது பேர் வந்தார்கள், சாப்பிட வைத்த ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. எட்டு வருடம் மருந்துத் தொழிற்சாலையில் போத்தலுக்கு லேபல் ஒட்டிவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் எழுதிய புத்தகம். பின்னட்டையில் 'ஆசிரியரின் வாழ்க்கையைத் தழுவியது' என்று பதிப்பாளர் போட்டிருக்கிறார். அது உண்மைதான். அப்பாவின் சைக்கிள் கடை, என் பயணம், இந்தப் பனி, எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

2003இல் நான் வந்தபோது பண்ணைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு நீங்கள் சொன்ன விஷயமும் அதில் இருக்கிறது. பயப்படாதீர்கள். நாவலில் அண்ணன் என்று ஒருவரே இல்லை. ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆட்களை மைதானத்தில் வரிசையாக நடத்தியபோது, சாக்குக்குள் இருந்து ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியாக இருந்தது 'நான்'. உங்களுடைய இடத்தில் நானே ஏறி இருந்துகொண்டேன். அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வருகிற ஒருவரிடம் புத்தகம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வாசித்துவிட்டு எழுதுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
ரதீசன்


யாழ்ப்பாணம்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள தம்பி ரதீசனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம். அண்ணியின் நோ அப்படியே இருக்கிறது. எண்ணெய் பூசுகிறா, திட்டுகிறா, பிறகும் பூசுகிறா.

கடிதமும் புத்தகமும் கிடைத்தன. கடிதம் வர இருபத்தாறு நாள் எடுத்திருக்கிறது. நான் தபால் கந்தோரில் இருந்த காலத்தில் இப்படி இல்லை.

புத்தகத்தை அண்ணி கேட்டா. நான் கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக அவவுக்கு நான் சொல்லாத விஷயம் அது என்று உனக்குத் தெரியும். இப்போது அது என் உடுப்பு அலுமாரியில் இருக்கிறது.

பக்கம் 143 வரை வாசித்தேன். அப்பாவின் கடை நன்றாக வந்திருக்கிறது. ஒரு கேள்வி. நீ கனடா போனது 1997 மாசி. சுற்றிவளைப்பு அதே வருடம் ஆவணி. புத்தகத்திலும் ஆவணி என்றே இருக்கிறது. ஏன் மாற்றவில்லை? அன்றைக்குப் பிடிபட்டுத் திரும்பி வராத நிஷானின் தாய் இமெல்டா அன்ரி உங்கள் மொன்ட்ரியாலில்தானே இருக்கிறா.

அன்புடன்,
சிவராசா


சென்ட் லோரன்ட்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒருவருக்கும் தடிமன் காய்ச்சல்கூட இல்லை. அண்ணிக்கு ஒரு முழங்கால் பட்டி அனுப்பியிருக்கிறேன்.

மாதத்தை மாற்றிப் பார்த்தேன், அண்ணை. நான் வெளிக்கிட முதல் வந்த மார்கழி என்று எழுதினால் அந்த வெயில் போய்விடுகிறது. வெயில் போனால் அத்தியாயமே விழுந்துவிடுகிறது. யார் இருந்து கணக்குப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இமெல்டா அன்ரிக்கு எண்பது வயதாகிறது, கண்ணும் மங்கல். தமிழ்ப் புத்தகம் வாசிக்கிற ஆள் இல்லை.

கணக்குப் பார்க்காதவர்கள் நம்பிவிட்டார்கள். அதுதான் இப்போது சங்கடம். கோயிலில் என்னைக் கண்டால் இரண்டு பேர் மற்றப் பக்கம் போகிறார்கள். வேலையில் குணசீலன் என்று ஒரு தமிழ்நாட்டுக்காரர் என்னோடுதான் சாப்பிடுவார். புத்தகத்தை வாசித்துவிட்டு, "சார், அது நிஜமாவே நீங்கதானா?" என்று கேட்டார். நாவல் என்று சொன்னேன். "அப்ப உங்க அப்பாவோட சைக்கிள் கடை?" அது உண்மை என்றேன். "இந்த பேக்டரி?" அதுவும் உண்மை. "அப்ப அது மட்டும் எப்படிங்க பொய்யாகும்?" என்றார். அடுத்த நாள் வேறு மேசையில் இருந்து சாப்பிட்டார். என்னுடைய உண்மைகளை எல்லாம் சுற்றிவர வைத்தேன், அவை நடுவில் இருந்த உங்களுடைய விஷயத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டன. எழுதும்போது எனக்கு இது தெரியாது.

பரவாயில்லை, நான் தாங்குவேன். நேராகச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. நீங்கள் சுமந்ததில் ஒரு பாதியை வாங்கிக்கொண்ட மாதிரி.

தயவுசெய்து 143ஆம் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். அடுத்த இரண்டு பக்கமும் உங்களுக்காகவே எழுதியவை. மிளகாய்ச் சாக்கு, நெடி ஏறித் தும்மல் வருகிறது, தலை தானாக ஆடிவிடுகிறது. அந்தத் தும்மலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ரதீசன்


சென்ட் லோரன்ட்
4 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமா? ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. வைபரில் அண்ணி உங்களுக்குச் சுகம் என்கிறா. போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னால் தோட்டத்தில் நிற்கிறீர்கள் என்கிறா.

இமெல்டா அன்ரி புத்தகத்தை வாசித்துவிட்டா. பூதக்கண்ணாடி வைத்து, ஒரு நாளைக்கு நாலு பக்கம். போன சனிக்கிழமை மொன்ட்ரியால்-நோரில் இருக்கிற தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டா. மூன்றாம் மாடி, வெளியால் ஏறுகிற இரும்புப் படி.

பிளேன்டீ தந்தா. பிறகு, "நீ இல்லை, என்ன?" என்று கேட்டா.

"அன்ரி, அது கதை" என்றேன்.

"புத்தகத்திலை அந்தப் பெடியன் கட்டியிருக்கிற மணிக்கூடும் கதையோ? தேப்பன்ரை மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுறது என்ரை நிஷான் ஒராள்தான். அதையும் கற்பனையிலையோ எடுத்தனி?"

அன்ரி நான் இருந்த சோபாவைக் காட்டினா.

"தொண்ணூற்றேழு மாசியிலை வந்திறங்கி ஒரு கிழமை இந்த சோபாவிலைதான் படுத்தனி. என்ரை மகள் உனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவள். ஆவணியிலை ஊரிலை சாக்குக்குள்ளை எப்பிடி இருந்தனி? உனக்கு இப்பிடி ஒரு விஷயத்தைச் சொல்ல ஆர் இருக்கினம்? கொண்ணை சிவராசா ஒராள்தானே."

அண்ணை, நான் மறுத்திருக்கலாம். முடியவில்லை. உங்களை இரண்டு நாள் பிடித்து வைத்து அடித்தார்கள், பிறகுதான் சாக்குப் போட்டார்கள் என்று சொன்னேன். அவ அதைக் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"தும்மல் வந்து தலை ஆடினதெண்டு எழுதியிருக்கிறாய். அது மெய்யோ?"

"ஓம் அன்ரி" என்றேன்.

கன நேரம் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டு இருந்தா. "அப்ப கடவுளின்ரை விருப்பம்" என்றா. இத்தனை வருடமாக அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று இறந்தவர்களுக்கான பூசைக்கு அவன் பெயரைக் கொடுக்காமல் இருந்தவ. இனிக் கொடுக்கப் போகிறாவாம்.

நான் செய்தது சரிதானே? ஒரு வரியாவது எழுதுங்கள்.

ரதீசன்


யாழ்ப்பாணம்
28 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்களும் சுகமாக இருங்கள். முழங்கால் பட்டி வந்தது. அண்ணி அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறா.

அது மிளகாய்ச் சாக்கு இல்லை. வெள்ளை உரச் சாக்கு. அதில் நெடி இல்லை. எனக்குத் தும்மல் வரவில்லை.

என்னைப் பிடித்து வைத்து அடித்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் பாலத்தில் வைத்து நான் உனக்குச் சொன்னது ஒரு வசனம். "நான்தான் தலையாட்டினேன்." ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நீ தும்மலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். என்னில் உள்ள அன்பில் செய்தாய் என்று தெரியும். என் குற்றத்தை நீ எடுத்தாய், கழுவினாய், அறுபது பேருக்கு முன்னால் வெளியிட்டாய். இப்போது அது எனக்கே அடையாளம் தெரியாமல் இருக்கிறது.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் அந்த மனுசி உன்னிடம் நேராகக் கேட்டிருக்கிறா, நீ ஓம் என்றிருக்கிறாய். அது நாவல் இல்லை, தம்பி.

அவவின் முகவரியை அனுப்பு. நான் எழுத வேண்டும்.

சிவராசா


சென்ட் லோரன்ட்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைத் தொழிற்சாலை வாசலில் நின்று வாசித்தேன். சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன்.

அவ இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாவாம், மகள் சொன்னா. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த நிம்மதி. அதைப் பறிக்க உங்களுக்கு என்ன உரிமை? நீங்கள் உண்மையைச் சொல்லி இறக்கி வைத்துவிடுவீர்கள், தூக்கப் போகிறது அவ. உண்மை என்றால் எல்லாம் நல்லது என்று நினைக்காதீர்கள். நான் எட்டு வருடம் உண்மையோடும் பொய்யோடும் இருந்து வேலை பார்த்தவன். சில இடத்தில் பொய்தான் மருந்து.

அண்ணியை யோசித்தீர்களா? அவவுக்குத் தெரிந்தால்? ஊருக்குத் தெரிந்தால்?

எனக்கும் பயம், அதையும் மறைக்கவில்லை. நான் அவவின் முகத்தைப் பார்த்து ஓம் என்று சொல்லிவிட்டேன். இனி எந்த முகத்தோடு அந்தப் படியில் ஏறுவேன்?

முகவரியை நான் அனுப்பப் போவதில்லை.

ரதீசன்


யாழ்ப்பாணம்
9 ஜூலை 2025

மதிப்புக்குரிய இமெல்டா அன்ரிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் மனதில் அதுதான் இருக்கிறது.

உங்கள் முகவரி என்னிடம் இல்லாதபடியால் இதை ரதீசனுக்கு அனுப்பி, உங்களிடம் வந்து வாசித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறேன். அவனும் இப்போதுதான் இதை அறிகிறான்.

1997 ஆவணி மாதம் என்னை வேலையால் வரும் வழியில் பிடித்தார்கள். மூன்றாம் நாள் உரச் சாக்கில் இரண்டு ஓட்டை போட்டு என் தலையில் கவிழ்த்து, மைதானத்தில் இருத்தினார்கள். ஒருவரையாவது காட்டாவிட்டால் என்னை விடமாட்டோம் என்றார்கள். காலையிலிருந்து எண்பது, தொண்ணூறு பேர் போயிருப்பார்கள். நான் தலையை ஆட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் அடி விழுந்தது எனக்கு. அப்போதும் ஆட்டவில்லை.

பிறகு நிஷான் வந்தான். சாக்கு என் முழங்கால் வரைதான் இருந்தது. அவன் என் செருப்பைக் கண்டான். அறுந்துபோன வாரைச் சைக்கிள் வயரால் கட்டித் தந்தவன் அவன்தான், அதற்கு முதல் கிழமை. நிமிர்ந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தான். சிரித்தான். "சிவா அண்ணை" என்று கூப்பிட வாய் எடுத்தான்.

பின்னால் முழு ஊரும் வரிசையில் நின்றது. அவன் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் சாக்குக்குள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதன் பிறகு நான் ஊரில் தலைகாட்ட முடியாது. அவன் சொல்ல முதல் நான் தலையை ஆட்டினேன்.

தெரிந்துதான் ஆட்டினேன், அன்ரி. ஆமிக்குப் பயந்து இல்லை, ஊருக்குப் பயந்து. தும்மல் ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் காலை என்னை விட்டார்கள். வாசலில் நின்ற ஆமிக்காரன் ஒருவனின் கையில் நிஷானின் மணிக்கூடு இருந்தது. அவன் இனி வரமாட்டான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அதை உங்களுக்கு நான் அறிவித்திருக்க வேண்டும். கந்தோரில் இருந்து ஊர் முழுவதற்கும் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். உங்களுக்கு ஒரு கடிதம் போடவில்லை.

நேற்று என் மனைவிக்குச் சொல்லிவிட்டேன். இன்று உங்களுக்கு. மன்னிப்புக் கேட்கிறேன். தர வேண்டும் என்று கேட்கவில்லை.

இப்படிக்கு,
சிவராசா


சென்ட் லோரன்ட்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அண்ணி எப்படி இருக்கிறா? நீங்கள் சொன்ன பிறகு அவ என்ன சொன்னா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நேற்றுப் பின்னேரம் மொன்ட்ரியால்-நோருக்குப் போய் அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். அவ அமைதியாகக் கேட்டா. பெரிதாக அழவில்லை. "பாவம், அவனும் என்ன செய்யிறது" என்று மட்டும் சொன்னா.

கடிதத்தை நான் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டா.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். இனி இந்தக் கதையை விடுவோம். இங்கே இப்போது நல்ல வெயில். துஷாந்தினி பல்கனியில் பச்சைமிளகாய் நட்டிருக்கிறாள்.

உங்கள்,
ரதீசன்


மொன்ட்ரியால்-நோர்
2 செப்டம்பர் 2025

சிவராசாவுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் நேரே எழுதுகிறேன். முகவரியை உன் கடித உறையில் இருந்து எடுத்தேன்.

ரதீசன் வந்து வாசித்தான். சாக்குக்குள் உனக்கு நெடி ஏறித் தும்மல் வந்தது, தலை தானாக ஆடிவிட்டது, கண்ணீரோடு எழுதுகிறேன் என்று வாசித்தான். வாசிக்கும்போது தாளைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தான். சில இடங்களில் அண்ணையின் எழுத்து விளங்கவில்லை என்று தாண்டினான். பாவம், அவனும் என்ன செய்வது என்று நான் சொன்னது அவனைத்தான்.

அவன் போன பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். தபால் கந்தோரில் எழுதிப் பழகிய கை, ஒரு எழுத்துக்கூட விளங்காமல் இல்லை. ஐந்து நாள் எடுத்தது. தலையை ஆட்டினேன் என்று நீ எழுதிய இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்றேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அவனோடு கோபிக்காதே. என் பிள்ளையைக் கொன்றது அவன் இல்லை. அவன் என்னை அழவிடாமல் பார்க்கிறான், அவ்வளவுதான்.

உன்னோடு எனக்குக் கோபம். அந்தச் சொல் காணாது, வேறு சொல் எனக்குத் தெரியாது. ஆமி கொன்றது என்று ஆமியைத் திட்டினேன். கடவுளின் விருப்பம் என்று அவரோடும் சமாதானமாகப் போனேன். நீ உன் பெயரைக் காப்பாற்ற என் பிள்ளையைக் கொடுத்திருக்கிறாய். மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், அது என்னிடம் இல்லை. சாமியாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை.

போன சனிக்கிழமை பூசை நடந்தது. பிரெஞ்சுப் பூசை. நிஷானின் பெயரை அந்தச் சாமியார் தடக்கித் தடக்கி வாசித்தார். என் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் என் பிள்ளை தலையைக் குனிந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறான். ரதீசன் வடிவாகத்தான் எழுதியிருக்கிறான், வாசித்தால் நெஞ்சு அடைக்கும். கோடையெல்லாம் நான் அந்த நடுங்குகிற பிள்ளையோடுதான் இருந்தேன். உன் கடிதத்தில் அவன் சிரிக்கிறான். ஊரே செத்த பிணமாக நின்ற மைதானத்தில், சாக்குக்குள் இருந்தவனைக் கண்டு, எங்கடை ஆள் என்று சிரித்திருக்கிறான். அது என் பிள்ளைதான். அவன் அப்படித்தான், ஆளை அறிந்தால் இடம் பார்க்கமாட்டான். அதை உன் தம்பிக்கு எழுத வரவில்லை. ஏனென்றால் அவன் அங்கே இல்லை. நானும் இல்லை. நீதான் இருந்தாய்.

அவனைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. உன்னை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு உன்னைவிட வேறு ஆள் இல்லாமல் செய்துவிட்டாய்.

அன்று அவன் என்ன சட்டை போட்டிருந்தான்? வரிசையில் அவனுக்குப் பக்கத்தில் யார் நின்றது? வெயிலில் கன நேரம் நின்றானா? தண்ணீர் கேட்டானா? நீ தலையை ஆட்டிய பிறகு உன்னைத் திரும்பிப் பார்த்தானா? அப்போதும் சிரித்தானா?

எல்லாம் எழுது. ரதீசனிடம் கொடுக்காதே, கீழே முகவரி இருக்கிறது, எனக்கு நேரே போடு. எனக்கு எண்பது வயது, அதனால் சுணக்காதே. ஒன்றையும் நல்லாக்காமல் எழுது.

இமெல்டா
4-ஆம் இலக்கம், மூன்றாம் மாடி